மோஸ்ட் வான்டட் (2005) விண்டோஸ் 10, 11-ல் ஓடவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

போன கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன், பரணில் கிடந்த என் டிவிடி பையைக் கண்டுபிடித்துவிட்டான். அதில் இருந்தது 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' என்ற கார் பந்தய ஆட்டம். 2005-ல் வந்தது, கனடாவின் இஏ பிளாக் பாக்ஸ் செய்தது. ரேசர் என்பவன் நம் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆரைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். 'பிளாக்லிஸ்ட்' என்ற போட்டியாளர் பட்டியலில் இருக்கும் 15 பேரையும் ஒவ்வொருவராகத் தோற்கடித்து அதை மீட்க வேண்டும். "மாமா, இதை என் லேப்டாப்ல போட்டுக் குடுங்க" என்றான். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி போனது.

முதல் ராத்திரி முழுக்கவே வீண். ஆட்டத்தைத் தொடங்கும் எக்ஸ்இ கோப்பில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, அட்மினிஸ்ட்ரேட்டர் என்று எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் முதலில் செய்வது இதுதான், இந்த ஆட்டத்துக்கு அநேகமாக உதவாததும் இதுதான். அந்த டிக், 'நான் பழைய விண்டோஸ்' என்று நிரலிடம் ஒரு பொய் சொல்லிப் பார்க்கும், அவ்வளவே. விண்டோஸிலிருந்து கழற்றி எறியப்பட்ட ஒரு பாகத்தை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. நம் சிக்கல் பெரும்பாலும் அந்த வகைதான். எனவே கண்ட திருத்தத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல், ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு வாருங்கள். ஏற்கெனவே போட்ட டிக்குகளை எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இன்னொன்று. இதே பெயரில் 2012-ல் கிரைட்டீரியன் நிறுவனம் செய்த வேறொரு ஆட்டம் இருக்கிறது. இணையக் கடைகளில் கிடைப்பது அதுதான். அதில் ரேசரும் கிடையாது, இங்கே நான் சொல்லப்போகும் தொல்லைகளும் கிடையாது. கையில் 2005 டிஸ்க் இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது

கேப் கோப்பைப் படிக்க முடியவில்லை, சிஆர்சி பிழை என்று ஏதாவது வந்தால் விண்டோஸைத் திட்டாதீர்கள். டிஸ்க்கைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கைரேகையும் தூசியும் என்றால் மெல்லிய பருத்தித் துணியால், நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் சுழல் பாதையில் பதிந்திருக்கிறது, அதே பாதையோடு ஒரு கீறல் விழுந்தால் தொடர்ந்து பல இடங்கள் போய்விடும். குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும்.

லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும். முன்பக்க யுஎஸ்பியிலோ ஹப்பிலோ செருகினால் மின்சாரம் போதாமல் சுற்றிச் சுற்றி நிற்கும். என்னுடையதும் அப்படித்தான் நின்றது, இடத்தை மாற்றிச் செருகியதும் ஓடியது. இன்ஸ்டால் செய்யும் இடத்தை 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று விடாமல், சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் போடுங்கள். பின்னால் அந்த ஃபோல்டரில் கோப்புகளை மாற்றும்போது விண்டோஸ் குறுக்கே வந்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்காது.

'இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது' என்று நீலப் பெட்டி வருகிறது

மோஸ்ட் வான்டடுக்கு இது வராது. ஆனால் அதே பையிலிருந்து 1998-ன் 'நீட் ஃபார் ஸ்பீட் 3: ஹாட் பர்சூட்' டிஸ்க்கை எடுத்துப் போட்டால் வரும். அக்கா மகன் அதையும் போட்டுப் பார்த்தான், எனவே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆட்டம் 32 பிட் நிரல், இன்றைக்கும் ஓடக்கூடியது. அதை இன்ஸ்டால் செய்யும் செட்அப் மட்டும் அதைவிடப் பழைய 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே வரவில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, வாசல் கதவுதான் திறக்கவில்லை. எனவே கதவை விட்டுவிட்டு, டிஸ்க்கிலிருக்கும் தரவு ஃபோல்டர்களை நேரடியாக ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொண்டு, ரசிகர்கள் உருவாக்கிய 'மாடர்ன் பேட்ச்' கோப்புகளை அதன்மேல் போட்டால் செட்அப் இல்லாமலே ஓடும். அந்தக் காலத்து 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டுக்கான கிளைடு முறையில் படம் வர 'என்கிளைடு' என்ற இடைநிரல் இருக்கிறது. வூடூ செய்த கம்பெனி மூடிப் பல வருஷமாயிற்று, அதன் மொழியை இன்றைய கார்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதுதான் இதன் வேலை. சரி, நம் ஆட்டத்துக்குத் திரும்புவோம்.

டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை

எல்லாருக்கும் வரும் பெரிய சிக்கல் இதுதான். பிழைச் செய்திகூட வராது. கர்சர் பக்கத்தில் வளையம் ஒரு கணம் சுழலும், அப்புறம் அமைதி.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபடி கிளிக் செய்யுங்கள். பட்டியலில் ஆட்டத்தின் ஸ்பீட்.எக்ஸ்இ ஒரு விநாடி தலைகாட்டிவிட்டு மறைந்தால் காரணம் உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டராக லாகின் செய்து மீண்டும் முயலவும்' என்று ஒரு வரி வரும். அதை நம்பி அட்மினிஸ்ட்ரேட்டராகப் போனாலும் அதே வரிதான் வரும்.

நடப்பது இது. டிஸ்க்கைக் காப்பி அடிக்காமல் இருக்க, அன்று மேக்ரோவிஷன் நிறுவனத்தின் 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டைப் போட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பூட்டு, விண்டோஸின் உள்ளறையான கர்னலில் உட்கார்ந்திருக்கும் செக்டிரைவ் என்ற டிரைவரைக் கூப்பிட்டு 'டிஸ்க் அசல்தானா' என்று பார்க்கும். எக்ஸ்பி காலத்தில் அந்த டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. ஒரு விளையாட்டுப் பூட்டுக்கு அவ்வளவு உள்ளே இடம் கொடுத்தது தப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதிலிருந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்று 2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அறிக்கை போட்டு அடைத்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை நிறுத்தி வைத்தார்கள்.

ஆகவே ஆட்டம் காவல்காரனைக் கூப்பிடுகிறது, காவல்காரன் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது, பதில் வராததால் ஆட்டம் தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவனை நடுத்தெருவில் விட்டது அந்தப் பூட்டைப் போட்டவர்கள்தான்.

இனி என்ன செய்யலாம்?

விண்டோஸ் 7 வைத்திருந்தால் வேலை சுலபம். அங்கே டிரைவர் இருக்கிறது, உறங்குகிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து செக்டிரைவ் சர்வீஸைக் கையால் தொடங்கிவைத்து, ஆடி முடித்ததும் நிறுத்திவிடலாம். நிறுத்த மறக்காதீர்கள்.

விண்டோஸ் 10, 11-ல் பழைய டிரைவர் கோப்பை எங்கிருந்தோ எடுத்து வந்து, டிரைவர் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு உள்ளே திணிக்கச் சொல்லும் வழிமுறைகள் சுற்றுகின்றன. தயவுசெய்து வேண்டாம். அதே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

நான் பயன்படுத்தியது 'சேஃப்டிஸ்க்ஷிம்' என்ற திறமூல நிரல். பூட்டு டிரைவரைக் கூப்பிடும்போது இது நடுவில் நின்று, டிரைவர் சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொல்லும். கர்னலுக்குள் எதையும் நுழைப்பதில்லை. பூட்டை உடைப்பதும் இல்லை. அசல் டிஸ்க் டிரைவில் இருந்தே ஆக வேண்டும். போட்ட பிறகு டிஸ்க்கை உள்ளே வைத்து, அரை நிமிடம் பொறுங்கள். டிரைவ் 'கர்ர்' என்று வேகம் எடுத்து அடங்கும், மறுபடி எடுக்கும். பூட்டு டிஸ்க்கைச் சோதிக்கும் சத்தம் அது. இரண்டாம் ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும், திரை வருவதற்கு முன்பே வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூட்டு நீக்கிய எக்ஸ்இ கோப்பைத் தேடிப் போடுபவர்கள்தான் அதிகம். அசல் டிஸ்க் வைத்திருந்தாலும் அது சட்டத்தில் சர்ச்சைக்குரிய இடம், வைரஸ் ஒளிந்து வருவதற்கும் தோதான இடம். எங்கே எடுப்பது என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஐஎஸ்ஓ செய்து மவுண்ட் செய்தேன், டிஸ்க்கைப் போடச் சொல்கிறது

டிஸ்க் தேயாமல் இருக்க ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே கோப்பாக, எடுத்து வைப்பது நல்ல பழக்கம். விண்டோஸ் 10-ல் டபுள் கிளிக் செய்தாலே ஐஎஸ்ஓ ஒரு டிரைவாகத் திறக்கும். ஆனால் சேஃப்டிஸ்க் தேடுவது கோப்புகளை அல்ல. டிஸ்க்கின் பரப்பில் வேண்டுமென்றே கோணலாகப் பதித்த சில பகுதிகளை அது தேடுகிறது. சாதாரண ஐஎஸ்ஓவில் அவை வராது. இன்ஸ்டால் செய்ய ஐஎஸ்ஓ போதும், ஆட அசல் டிஸ்க் வேண்டும்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் காணவில்லை

'விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 எதற்கு?' என்று அக்கா மகனும் கேட்டான். டைரக்ட்எக்ஸ் என்பது ஆட்டங்களின் படத்தையும் ஒலியையும் கையாளும் விண்டோஸ் பகுதி. அதில் படத்தைக் கவனிக்கும் டைரக்ட்3டி 9-ன் அடிப்படை விண்டோஸ் 11-லும் இருக்கிறது. அதற்குத் துணையாக ஆட்டங்கள் பயன்படுத்திய டி3டிஎக்ஸ்9 நூலகங்கள் (டிஎல்எல் கோப்புகள்), 24 முதல் 43 வரை எண்ணிட்டவை, விண்டோஸோடு வருவதில்லை. ஒவ்வொரு ஆட்டமும் தனக்கு வேண்டிய எண்ணைத் தானே கொண்டுவர வேண்டும். இன்ஸ்டால் செய்யாமல் வேறு கணினியிலிருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வந்தவர்களுக்கு இந்தப் பிழை வரும்.

மைக்ரோசாஃப்டின் 'டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம்ஸ், ஜூன் 2010' தொகுப்பை இறக்கிப் போடுங்கள். அதில் ஒரு பொறி உண்டு. கோப்பை ஓட்டியதும் 'எந்த ஃபோல்டரில் வைக்கட்டும்' என்று கேட்கும். ஃபோல்டரைக் காட்டி ஓகே கொடுத்ததும் ஏதேதோ ஓடி முடிந்து ஜன்னல் மூடிக்கொள்ளும். இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று நினைத்துப் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். அதுவரை நடந்தது மூட்டையைப் பிரித்தது மட்டும். அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் டிஎக்ஸ்செட்அப்பை ஓட்டினால்தான் நூலகங்கள் இடத்துக்குப் போகும்.

ஒற்றை டிஎல்எல்லை மட்டும் கொடுக்கும் தளங்களின் பக்கம் போக வேண்டாம்.

ஓடுகிறது, ஆனால் திரை சரியில்லை

இங்கே பல தனித்தனி வியாதிகள் இருக்கின்றன.

படம் திரையின் மூலையில் சின்னதாகவோ, பாதி வெட்டுப்பட்டோ தெரிந்தால் அது டிபிஐ அளவுச் சண்டை. லேப்டாப்பில் விண்டோஸ் எழுத்துகளை 125, 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கும். எக்ஸ்இ கோப்பின் ப்ராபர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கம் போய், 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, அளவிடுவதை ஆப் பொறுப்பில் விடுங்கள். கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் எனக்குப் பயன்பட்ட ஒரே பெட்டி இதுதான்.

2005-ன் ஆட்டம் புது லேப்டாப்பில் திணறினால், பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் அதைப் பிராசஸரோடு சேர்ந்த சின்ன கிராபிக்ஸ் சிப்பில் ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் ஸ்பீட்.எக்ஸ்இயைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் அகலம். ஆட்டத்தின் மெனுவில் அகலத் திரைக்கான அளவுகள் கிடையாது. எல்லாம் அந்தக் காலத்து மானிட்டருக்கு ஏற்ற அளவுகள். இன்றைய அகலத் திரையில் அதை இழுத்துப் பரப்பினால் எம்3 ஜிடிஆர் தரையோடு அமுங்கிய தவளை மாதிரி தெரியும். இதற்கென்றே 'வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ்' என்ற ரசிகர் திருத்தம் இருக்கிறது. திரையின் அளவைத் தானே கண்டுகொண்டு, பார்வைக் கோணத்தையும் மீட்டர்களின் இடத்தையும் சரிசெய்யும். ஆனால் அது எதிர்பார்ப்பது 1.3 பதிப்பின் ஆங்கில எக்ஸ்இ கோப்பை, அதுவும் 60,29,312 பைட் அளவுள்ளதை. அளவு வேறாக இருந்தால் 'இந்த எக்ஸ்இ ஏற்கத்தக்கதல்ல' என்று ஒரு பெட்டி வரும். சேஃப்டிஸ்க் பூட்டோடு வரும் அசல் கோப்பின் அளவு அது இல்லை. அதாவது அசல் டிஸ்க்கை மதித்து ஆடுபவருக்கு இந்தத் திருத்தம் கிடைக்காது. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நான் 'டிஜிவூடூ 2' போட்டுச் சமாளித்தேன். டைரக்ட்3டி 9 கட்டளைகளைப் புதிய டைரக்ட்எக்ஸுக்கு மாற்றித் தரும் இடைநிரல் அது. அதன் கண்ட்ரோல் பேனலில் விகிதம் மாறாமல் பெரிதாக்கும் தேர்வை வைத்தால், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் படம் ஒழுங்கான வடிவத்தில், கூர்மையாக வரும். மூலையில் வரும் அதன் முத்திரையை அங்கேயே அணைக்கலாம். கறுப்புப் பட்டை எனக்குப் பழகிவிட்டது. அக்கா மகன் இரண்டு நாள் முணுமுணுத்தான்.

டிஜிவூடூ போட்ட பிறகு 0எக்ஸ்சி000007பி என்ற பிழை வந்தால் பதற வேண்டாம். 32 பிட் ஆட்டத்துக்குப் பக்கத்தில் 64 பிட் டிஎல்எல்லை வைத்துவிட்டீர்கள். எக்ஸ்86 என்ற ஃபோல்டரில் இருப்பதை எடுத்து மாற்றுங்கள்.

ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒன்றையொன்று தின்கின்றன

எக்ஸ்பாக்ஸ் வகை கண்ட்ரோலர் செருகியவர்களுக்கு வரும். வலது டிரிகரை அமுக்கினால் கார் போகும், இடதை அமுக்கினால் நிற்கும், இரண்டையும் சேர்த்து அமுக்கினால் எதுவுமே அமுக்காதது போல உருண்டுகொண்டிருக்கும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விடாமலே லேசாகப் பிரேக் தொட்டுப் போகிறவர்களுக்கு இது பெரிய கொடுமை.

இந்த ஆட்டம் கண்ட்ரோலரைப் படிப்பது டைரக்ட்இன்புட் என்ற பழைய வழியில். அந்த வழியில் இரண்டு டிரிகரும் ஒரே அச்சாகத் தெரியும். வலது ஒரு பக்கம் இழுக்கும், இடது எதிர்ப்பக்கம் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் நடுவில் பூஜ்யம். கண்ட்ரோலர் பழுதில்லை, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் போட முடிந்தவர்கள் அதன் அமைப்புக் கோப்பிலேயே கண்ட்ரோலர் ஆதரவை இயக்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் பிரேக்கை டிரிகரிலிருந்து எடுத்து ஒரு பட்டனுக்கு மாற்றுங்கள். மென்மையாகப் பிரேக் போட முடியாதுதான், ஆனாலும் போலீஸ் துரத்தும்போது மென்மையாகப் பிரேக் போட்டவர் யார்?

நேற்று ஆடியது இன்று இல்லை

ஆட்டம் ஒழுங்காக ஓடும், ஆனால் அடுத்த நாள் திறந்தால் ப்ரொஃபைலே இருக்காது. சேவ் கோப்புகள் டாக்குமெண்ட்ஸில் 'என்எஃப்எஸ் மோஸ்ட் வான்டட்' என்ற ஃபோல்டரில், நீங்கள் வைத்த பெயரில் இருக்க வேண்டும். அந்த ஃபோல்டரே உருவாகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பாதுகாப்புப் பகுதியைப் பாருங்கள். 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்கிக்கொண்டிருந்தால், அறிமுகமில்லாத நிரல் எதையும் டாக்குமெண்ட்ஸில் எழுதவிடாது. அதை முழுக்க அணைக்காமல், ஸ்பீட்.எக்ஸ்இயை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். ஒன்டிரைவ் உங்கள் டாக்குமெண்ட்ஸைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு டாக்குமெண்ட்ஸ் இருந்து, நாம் தவறான ஒன்றில் தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கணினிக்கு மாறும்போது அந்த ஃபோல்டரை அப்படியே எடுத்துப் போனால் போதும். என் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்த சேவ் அப்படித்தான் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் பிளாக்லிஸ்டில் ஐந்தாவது ஆளான வெப்ஸ்டரிடம் நின்றிருந்தேன். "இங்கேருந்தே ஆடுடா" என்றேன். "அது உங்களுது மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் பெயரில் ஒரு ப்ரொஃபைல் திறந்து, பதினைந்தாவது ஆளான சன்னியிடமிருந்து தொடங்கினான்.